பசுந்தேயிலை விலையை நாடாளுமன்றத்தில் யார் கேட்கலாம்? புதியவர்களுக்கான செய்முறை

குன்னூர், கோத்தகிரி, குந்தா பக்கம் சிறு தேயிலை விவசாயிகள் கூடினால் பேச்சு பசுந்தேயிலை விலையில்தான் போய் நிற்கும். அதை நாடாளுமன்றம் வரை கொண்டுபோக ஒரு வழி இருக்கிறது.

படி 1: கேட்பவரைத் தேடுங்கள்

கேள்வி கேட்கும் உரிமை பதவியேற்ற உறுப்பினருக்கு மட்டுமே. விவசாயிகள் சங்கமோ எம்.எல்.ஏ.வோ நேரடியாகக் கேட்க முடியாது. அமைச்சர்களும் கேட்பதில்லை, பதில் சொல்ல வேண்டியவர்களே அவர்கள்தானே. ஆளுங்கட்சி, எதிர்க்கட்சி என்ற வேறுபாடு இல்லை. நீலகிரித் தொகுதி எம்.பி.தான் கேட்க வேண்டும் என்றும் இல்லை. மாநிலங்களவையில் தமிழ்நாட்டுக்கு 18 இடங்கள் உண்டு, அவர்களையும் அணுகுங்கள்.

கேள்வியை எழுதிக் கொடுப்பதில் தவறில்லை. பணமோ பரிசோ மட்டும் கூடவே கூடாது. கேள்வி கேட்கப் பணம் வாங்கியதற்காக 2005 டிசம்பரில் 11 எம்.பி.க்கள் பதவி இழந்தார்கள். எம்.பி.யின் இணையக் கணக்கில் நீங்கள் நுழைந்து கேள்வியைப் பதிவதும் கூடாது.

படி 2: யாருடைய பொறுப்பு?

பலருடைய கேள்வி அடிபடுவது இங்கேதான். தேயிலை வாரியம் ஒன்றிய வர்த்தக, தொழில் அமைச்சகத்தின் கீழ் வருகிறது, அதைப் பற்றி அந்த அமைச்சரைக் கேட்கலாம். மலை ரயிலைப் பற்றி ரயில்வே அமைச்சரைக் கேட்கலாம். டான்டீ (தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகம்) மாநில அரசு நிறுவனம். அதன் தொழிலாளர் பிரச்சினைக்குப் போக வேண்டிய இடம் சட்டமன்றம். நீதிமன்றத்தில் நிலுவையில் உள்ளதையும் கேட்க முடியாது.

படி 3: எழுதுங்கள்

மக்களவை விதிப்படி 150 சொற்களுக்கு மேல் போகக்கூடாது. வாதம், குற்றச்சாட்டு, கிண்டல் வேண்டாம். அமைச்சரின் கருத்தையும் கேட்க வேண்டாம். இப்படி எழுதலாம்:

"வர்த்தக, தொழில் துறை அமைச்சர் கூறுவாரா:
(அ) நீலகிரியில் கடந்த மூன்று ஆண்டுகளில் மாதவாரியாக அறிவிக்கப்பட்ட பசுந்தேயிலைச் சராசரி விலை என்ன;
(ஆ) அதற்குக் குறைவாகக் கொடுத்த தொழிற்சாலைகள் மீது எடுத்த நடவடிக்கை என்ன?"

"விவசாயிகளை ஏன் ஏமாற்றுகிறீர்கள்?" என்று எழுதினால் அனுமதி கிடைக்காது. எண் கேட்டால் அரசு நழுவுவது கடினம். அந்த எண் கையில் இருந்தால் வாரியத்திடமும் தொழிற்சாலையிடமும் பேசுவது எளிது.

படி 4: முன்கூட்டியே கொடுங்கள்

கேள்வி குறைந்தது 15 முழு நாட்களுக்கு முன்பே பதிவாக வேண்டும். ஆகவே கூட்டத்தொடர் தேதி அறிவித்த உடனே எம்.பி. அலுவலகத்துக்குப் போங்கள். முன்னுரிமையைக் குலுக்கல் தீர்மானிக்கும், மக்களவையில் அனுமதிப்பது சபாநாயகர்.

நட்சத்திரக் குறியிட்ட கேள்விக்கு அமைச்சர் வாய்மொழியாகப் பதில் சொல்வார், துணைக் கேள்வியும் கேட்கலாம். ஆனால் மக்களவையில் ஒரு நாளைக்கு 20தான் பட்டியலில் வரும், அதிலும் சிலவே அவையில் எடுக்கப்படும். நட்சத்திரக் குறியில்லாதவை 230 வரை. அவற்றுக்கு எழுத்தில் பதில் வரும். விலை விவரம்தான் வேண்டுமென்றால் எழுத்துப் பதிலே போதும் என்பேன்.

படி 5: பதிலை எடுங்கள்

நாடாளுமன்ற இணையதளத்தில் உறுப்பினர் பெயர், அமைச்சகம், தேதி கொடுத்துத் தேடினால் பதில் கிடைக்கும். ஆங்கிலத்திலோ இந்தியிலோ இருக்கும். தமிழாக்கி அச்செடுத்துச் சங்கக் கூட்டத்தில் படித்துக் காட்டுங்கள். ஏதாவது பிரிவுக்குப் பதில் நழுவியிருந்தால் அதை மட்டும் தனிக் கேள்வியாக்கி அடுத்த கூட்டத்தொடருக்குக் கொடுங்கள்.