வீட்டு மில்லிங் மெஷினில் ஆர்க்கா பிளேட்

கேமராவின் அடியில் திருகி, டிரைபாட் தலையின் கிளாம்பில் செருகும் தகடுதான் ஆர்க்கா-ஸ்விஸ் பிளேட். அதன் கணக்கு எளிது: ஓரங்களில் 45 டிகிரி சாய்வு, அடியில் சுமார் 38 மி.மீ. அகலம். கம்பெனிக்குக் கம்பெனி இந்த அகலம் கொஞ்சம் மாறும். குமிழ் திருகும் கிளாம்ப் அதைப் பொறுத்துக்கொள்ளும். லீவர் கிளாம்பில் 0.2 மி.மீ. குறைந்தாலே பிளேட் ஆடும். ஆகவே உங்கள் கிளாம்பில் ஏற்கெனவே சரியாகப் பிடிக்கும் ஒரு பிளேட்டை வெர்னியரில் அளந்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள். கீழே உள்ள அளவுகள் 38-க்கு உரியவை.

40 × 10 மி.மீ. அலுமினியப் பட்டையில் 60 மி.மீ. வெட்டிக்கொள்ளுங்கள். 6061-டி6 என்ற கெட்டியான அலுமினியக் கலவை நல்லது. மென்மையான அலுமினியம் கட்டரில் அப்பிக்கொண்டு முகத்தைப் பிய்த்துவிடும்.

முதலில் பட்டையைக் கவிழ்த்து வைஸில் பிடித்து, நடுவில் 30 மி.மீ. நீளத்துக்கு 6.5 மி.மீ. அகல ஸ்லாட் ஒன்றை ஊடுருவ வெட்டுங்கள். அதன்மேல், கேமராவைப் பிடிக்கும் திருகின் தலைக்காக 10 மி.மீ. அகலம், 6.5 மி.மீ. ஆழம். மிஞ்சுவது 3.5 மி.மீ. தடிமன்.

இனிமேல்தான் முக்கியமான கட்டம். பட்டையை நிமிர்த்தி, எம்6 (6 மி.மீ. மெட்ரிக்) மரை போட்ட ஒரு பழைய அலுமினியத் தகட்டின்மேல் வைத்து, ஸ்லாட் வழியே இரண்டு பட்டன் ஹெட் (தட்டையான குமிழ்த் தலை) போல்ட்டால் இறுக்குங்கள். இரண்டு ஓரங்களையும் முடிக்கும்வரை போல்ட்டைத் தளர்த்தவே கூடாது. நடுவில் ஒருமுறை கழற்றி மாட்டினாலும் சாய்வுகள் இணையாக அமையாது. பிளேட் ஆப்பு போலாகி ஒரு முனையில் மட்டும் பிடிக்கும்.

எண்ட் மில்லால் அகலத்தை 38-க்குக் கொண்டுவந்து, மேலிருந்து 5 மி.மீ. ஆழத்துக்கு இருபுறமும் படி இறக்கி, கழுத்தை (மேலே உள்ள குறுகிய பகுதியை) 33-இல் நிறுத்துங்கள். சாய்வு மேல்நோக்கி இருப்பதால் அடிப்பக்கம் விரிந்த டவ்டெயில் கட்டர் வாங்க வேண்டியதில்லை. 10 மி.மீ., 90 டிகிரி கூம்பு முனையுள்ள டிரில் மில் போதும். அதன் மையம் பிளேட்டின் நடுக்கோட்டிலிருந்து 21 மி.மீ. தள்ளி இருக்கட்டும், முனை அடித்தகட்டுக்குள் 0.5 மி.மீ. இறங்கட்டும். கழுத்து 32-ஆகும், சாய்வு 3 மி.மீ. ஏறும், அடியில் 1.5 மி.மீ. நேரான ஓரம் மிஞ்சும். வெர்னியர் வைத்து அளக்க அந்த ஓரம்தான் இடம்.

வேகம் 2000 ஆர்.பி.எம். அளவில், ஒரு நடைக்கு 1 மி.மீ., அவ்வப்போது ஒரு சொட்டு மண்ணெண்ணெய். கட்டரைப் பிடிக்கும் கோலெட் நட், போல்ட் தலையில் இடிக்காதபடி கட்டரை வெளியே நீட்டிப் பிடியுங்கள்.

கேமராவின் மரை கால் இஞ்ச், இஞ்சுக்கு 20 புரி, யு.என்.சி. என்ற இஞ்ச் அளவு மரை வகை. கடையில் 'கிட்டத்தட்ட இதுதான்' என்று எம்6 கொடுப்பார்கள். அது கால் இஞ்சைவிட 0.35 மி.மீ. மெலிது, புரி இடைவெளியும் 1.27-க்குப் பதில் 1. இரண்டு சுற்று லொடலொடவென்று போய்ச் சிக்கும். அங்கே அழுத்தித் திருகினால் கேமராவின் மரை போய்விடும்.

திருகு பிளேட்டுக்கு மேல் 4.5 மி.மீ. மட்டும் எழ வேண்டும், அதாவது தலைக்குக் கீழே 8 மி.மீ. அரை இஞ்ச் திருகை வாங்கி அரத்தால் குறைத்து, நுனியைச் சரிவாக்கி, ஒரு நட்டில் கையால் ஓட்டிப் பாருங்கள். நீளம் கூடினால் திருகு கேமராவின் மரைக் குழியின் அடியில் முட்டி இறுகிவிடும், பிளேட்டோ தளர்வாகவே இருக்கும். மேலே 1 மி.மீ. கார்க் ஒட்டினால் கேமரா சுழலாது. அப்போது திருகும் 9 மி.மீ. ஆக வேண்டும்.