படம் எடுக்காதவர்களும் போகலாம்: திருகோணமலையிலிருந்து கேரளத் திரைப்பட விழாவுக்கு

உவர்மலைக்கு ஏறும் வழியில் என் பழைய மாணவி ஒருத்தி ஸ்கூட்டியை நிறுத்திக் கேட்டாள்: "ரீச்சர், நீங்க படம் எடுக்கிறதில்லையே, பிறகு எப்படி வருஷா வருஷம் ஃபிலிம் ஃபெஸ்டிவலுக்குப் போறீங்க? அவங்க கூப்பிடுறாங்களா?" யாரும் கூப்பிடுவதில்லை. நானாகப் பதிந்து, காசு கட்டி, வரிசையில் நின்று பார்க்கிறேன். அவளைப் போல நினைத்துக்கொண்டு வீட்டில் இருப்பவர்கள் எங்கள் ஊரில் நிறையப் பேர் என்று அன்றுதான் புரிந்தது. அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

வெளிநாட்டுத் திரைப்பட விழா என்றதும் கான், பெர்லின் என்று நினைவு போகும். கானில் பெரும்பாலும் சினிமாத் தொழிலில் இருப்பவர்களுக்குத்தான் அனுமதி. ஐரோப்பிய விசாவும் அங்கே தங்கும் செலவும் ஓர் ஆசிரியர் சம்பளத்தில் அடங்காது. நான் போவது திருவனந்தபுரத்துக்கு. கேரள மாநிலச் சலச்சித்திர அகாதமி அங்கே டிசம்பர் மாதத்தில் எட்டு நாள் சர்வதேச விழா நடத்துகிறது. 1996இல் தொடங்கிய விழா இது. ஒரு விழாவில் 150க்கு மேற்பட்ட படங்கள். கட்டுநாயக்காவிலிருந்து விமானத்தில் ஏறினால் ஒரு மணி நேரப் பயணம், கடிகாரத்தைக்கூட மாற்ற வேண்டியதில்லை. நான் முதன்முதலில் போனது 2022இல். அதன் பிறகு 2023, 2024 என்று மூன்று முறை போய்விட்டேன்.

அரசாங்க ஊழியர் என்றால் முதல் வேலை விடுமுறை. பள்ளிக்கூட விடுமுறைக் காலம்தானே என்று நினைத்துப் புறப்பட்டுவிட முடியாது. நாட்டை விட்டுப் போக அனுமதி வேண்டும். பொது 126 படிவத்தை நிரப்பி அதிபரிடம் கொடுத்தால் அது வலயக் கல்விப் பணிமனை வழியாக மேலே போகும். மேசைக்கு மேசை நகர நாள் எடுக்கும். ஆகவே நான் செப்டம்பரிலேயே கொடுத்துவிடுவேன். பிரதி ஒன்றை எடுத்து, கொடுத்த திகதியை அதில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். என் விண்ணப்பம் ஒருமுறை எங்கேயோ தங்கிவிட்டது. அந்தப் பிரதியைக் காட்டித்தான் தேடி எடுத்தோம்.

அதே நேரத்தில் கடவுச்சீட்டை எடுத்துப் பாருங்கள். இந்தியாவுக்குள் போகும் நாளில் இன்னும் ஆறு மாதம் செல்லுபடியாக வேண்டும், இரண்டு பக்கமாவது வெறுமையாக இருக்க வேண்டும். புதிதாக எடுக்க வேண்டியவர்கள் பத்தரமுல்லைத் தலைமை அலுவலகம் வரை போகத் தேவையில்லை. எங்களுக்கு வவுனியா அலுவலகம் கிட்ட.

அடுத்தது பதிவு. விழாவில் படம் பார்க்க டெலிகேட் பாஸ் வேண்டும். வழக்கமாக நவம்பரில் விழாவின் இணையத்தளத்தில் பதிவு திறக்கும். 2024இல் பொதுப் பிரிவுக்கு வரியோடு 1,180 இந்திய ரூபாய், மாணவர்களுக்கு 590. எட்டு நாளுக்கும் சேர்த்துத்தான் இந்தக் காசு. தனித்தனி டிக்கெட் கிடையாது. கட்டுவதற்கு முன்பு உங்கள் வங்கி அட்டையில் வெளிநாட்டுக் கொடுப்பனவு திறந்திருக்கிறதா என்று வங்கியில் கேளுங்கள். முதல் வருடம் என் அட்டை இரண்டு முறை மறுக்கப்பட்டது. வங்கிக்குப் போய் அதைத் திறந்துவிட்ட பிறகுதான் காசு போனது. பதிவு உறுதியானதும் வரும் மின்னஞ்சலை அச்செடுத்து வையுங்கள். அது பிறகு பல இடங்களில் உதவும்.

சரி, விசா. சும்மா பார்வையாளராகப் போகிறவர்களுக்கு இந்தியாவின் இ-சுற்றுலா விசா போதும். 30 நாள் விசாவுக்குப் போகும் திகதிக்கு முந்திய 30 நாளுக்குள்தான் விண்ணப்பிக்கலாம், கடைசி நான்கு நாளுக்குள் விண்ணப்பிக்க முடியாது. நான் மூன்று வாரம் முன்பு செய்வேன். இந்திய அரசின் தளத்தில் மட்டும் செய்யுங்கள். அதே தோற்றத்தில் வேறு தளங்கள் கூடுதல் காசு வாங்குகின்றன. வெள்ளைப் பின்னணியில் சதுரப் படம் வேண்டும். எங்கள் ஸ்டூடியோக்காரர்கள் கடவுச்சீட்டு அளவில் எடுத்துத் தந்துவிடுவார்கள், ஆகவே சதுரம் என்று முதலே சொல்லிவிடுங்கள். இந்தியாவில் தெரிந்தவர் ஒருவரின் பெயரும் விலாசமும் கேட்கும் இடத்தில் தங்கும் விடுதியின் பெயரைக் கொடுக்கலாம். பெற்றோர் பிறந்த ஊரும் கேட்பார்கள். அம்மா அப்பாவின் பிறப்புச் சான்றிதழைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நிரப்பினால் எழுத்துப் பிழை வராது. உங்கள் படத்தையே விழாவில் திரையிடுகிறார்கள் என்றால் எந்த விசா வேண்டுமென்று விழாக்காரரிடமே எழுதிக் கேளுங்கள்.

விடுதி விஷயத்தில் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். வெளிநாட்டவர் ஒருவர் தங்கினால் விடுதிக்காரர் 24 மணி நேரத்துக்குள் சி படிவம் என்ற ஒன்றை இந்தியக் குடிவரவுக்கு அனுப்ப வேண்டும். சின்ன லொட்ஜ்கள் சில அந்த வேலைக்குப் போவதில்லை. 2022இல் இணையத்தில் அறை பதிந்து, காசும் கட்டி, இரவு எட்டரை மணிக்குப் பெட்டியோடு போய் நின்றேன். என் கடவுச்சீட்டைப் பார்த்ததும் அறை இல்லை என்றார்கள். தெரியாத ஊர், தனியாக வந்த பெண், தெருவில் நிற்கிறேன். என்னைக் கொண்டுவந்த ஓட்டோக்காரர் இன்னும் போகவில்லை. "சேச்சி, ஏறுங்க" என்று தமிழும் மலையாளமும் கலந்து சொல்லி, மூன்று விடுதி ஏறி இறங்கி, நான்காவதில் அறை எடுத்துத் தந்துவிட்டுத்தான் போனார். அந்த மனிதரை இன்றைக்கும் நன்றியோடு நினைக்கிறேன். நீங்கள் அப்படி அலையத் தேவையில்லை. பதியும் முன்பு தொலைபேசியில் அழைத்து, "இலங்கைக் கடவுச்சீட்டு, சி படிவம் போடுவீர்களா?" என்று நேராகக் கேளுங்கள். தம்பானூர்ப் பக்கம் தங்குவது நல்லது. ரயில் நிலையமும் பஸ் நிலையமும் அங்கேதான், கைரளி, ஸ்ரீ, நிளா என்ற மூன்று அரங்குகளும் நடந்து போகும் தூரம்.

போகும் வழி பற்றி. கொழும்பு வழியாகப் போவதுதான் சுலபம். யாழ்ப்பாணம் போய்ப் பலாலியிலிருந்து சென்னைக்குப் பறந்து, அங்கிருந்து ரயிலில் போகலாம். ஆனால் சென்னையிலிருந்து திருவனந்தபுரம் ஏறத்தாழ 16 மணி நேரம், இருக்கையும் கடைசி நேரத்தில் கிடைக்காது. காங்கேசன்துறையிலிருந்து நாகபட்டினம் போகும் கப்பலை டிசம்பர் பயணத்துக்குக் கணக்கில் எடுக்காதீர்கள். மாரிக் கடல் எப்படியென்று எங்களுக்குச் சொல்லித்தரத் தேவையில்லை.

கொழும்புக்கு இரவு ரயில் விடியற்காலையில் கோட்டையில் இறக்கிவிடும். அங்கிருந்து 187ஆம் இலக்க பஸ் விமான நிலையம் போகும். நான் முதல் முறை விமானத்துக்கு முந்திய இரவு ரயிலேறினேன். அது பிழை. கல் ஓயாவுக்குக் கிட்ட யானைகள் தண்டவாளத்தில் நின்றதால் ரயில் நின்றுவிட்டது. யானைகள் காட்டுக்குள் போகட்டும் என்று காத்திருந்தது சரியான காரியம், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அந்த இருட்டில் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு இருந்த பாடு எனக்குத்தான் தெரியும். இப்போது ஒரு நாள் முந்திப் போய் நீர்கொழும்பில் மச்சாள் வீட்டில் படுத்து எழும்பிப் போகிறேன். மாரி காலத்தில் எங்கள் பக்கத்துப் பாதைகளையும் தண்டவாளத்தையும் நம்பி நேரம் பார்க்க முடியாது.

திருவனந்தபுரத்துக் குடிவரவில் அதிகாரி ஏன் வந்தீர்கள் என்று கேட்பார். படம் பார்க்க என்று சொல்லிப் பதிவு அச்சுப்பிரதியையும் திரும்பும் டிக்கெட்டையும் காட்டுங்கள். அந்த ஊரில் இந்த விழாவைத் தெரியாதவர்கள் குறைவு. காசை டாலராகக் கொண்டுபோய் மாற்றுவேன். சிம் எடுக்கக் கடவுச்சீட்டு, விசாப் பிரதி, படம் எல்லாம் கேட்டு நாள் கடத்துவார்கள் என்பதால் இங்கிருந்தே ரோமிங் போட்டுக்கொண்டு போகிறேன். முன்பதிவுக்குத் தொலைபேசியில் இணையம் கட்டாயம் வேண்டும்.

பாஸை வழுதக்காட்டில் உள்ள டாகோர் தியேட்டரில் வாங்க வேண்டும். தோள் பையும் படங்களின் விவரப் புத்தகமும் தருவார்கள். அந்தப் புத்தகத்தோடு முதல் நாள் இரண்டு மணி நேரம் உட்காருங்கள். காலை ஒன்பது மணியளவில் தொடங்கி இரவு வரை ஓர் அரங்கில் நான்கைந்து காட்சிகள். ஐந்தையும் பார்க்க ஆசை வரும். நான் பார்த்தேன், மூன்றாம் நாள் எந்தப் படத்தில் யார் செத்தார் என்று குழம்பிவிட்டது. மூன்று படம், மிஞ்சினால் நான்கு.

எதைப் பார்ப்பது? என் கருத்தைச் சொல்கிறேன். ஐரோப்பாவில் பெரிய பரிசு வாங்கிய படங்களுக்குத்தான் சனம் முண்டியடிக்கும். அவை சில மாதத்தில் ஏதாவது ஓடிடி தளத்தில் வந்துவிடும். இந்த விழாவின் போட்டிப் பிரிவு ஆசியா, ஆப்பிரிக்கா, லத்தீன் அமெரிக்கப் படங்களுக்கு மட்டுமானது. விழாவின் பெரிய பரிசான சுவர்ண சகோரம் அதில்தான். அந்தப் படங்கள் எங்கள் ஊர்த் திரைக்கும் வராது, தொலைபேசிக்கும் வராது. போர் முடிந்த ஊரில் ஒரு தாய் மகனைத் தேடுகிறாள், கடற்கரைக் கிராமத்துக்கு ஹோட்டல்காரர்கள் வருகிறார்கள். இப்படியான கதைகளை மூதூர்க்காரரும் நிலாவெளிக்காரரும் பார்த்தால் துணையெழுத்தைப் படிக்காமலே விளங்கும். ஆங்கிலத் துணையெழுத்து இருக்கும். வேகமாக வாசிக்க வராது என்று தயங்காதீர்கள், இரண்டாம் நாளில் கண் பழகிவிடும்.

முந்திய நாளே இணையத்தில் இருக்கை பதியலாம், சில நிமிடத்தில் முடிந்துவிடும். கிடைக்காவிட்டால் பதியாதவர்களின் வரிசை இருக்கிறது. முக்கால் மணி நேரம் முன்பு போய் நில்லுங்கள். அந்த வரிசையை நான் வீண் நேரமாக எண்ணுவதில்லை. மீன் வியாபாரி ஒருவர், வங்கியில் ஓய்வு பெற்ற ஒரு அம்மா, கல்லூரிப் பிள்ளைகள் எல்லாரும் நின்று நேற்றுப் பார்த்த படத்தைப் பற்றிச் சண்டை பிடிப்பார்கள். எதைத் தவறவிடக் கூடாது என்ற தகவல் எனக்கு அங்கேதான் கிடைக்கிறது. தமிழில் பேசினாலே விளங்கிக்கொள்வார்கள். பசித்தால் தம்பானூர் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் கட்டிய இந்தியன் காப்பி ஹவுஸுக்குப் போங்கள். சுழன்று ஏறும் செங்கல் கோபுரம், சரிவான தரை. கட்லட்டுக்குள் பீட்ரூட் இருக்கும். அரங்குக்குள் குளிரும், ஒரு சால்வை எப்போதும் பையில் இருக்கட்டும்.

தொடக்க விழாவுக்கு நேரத்தோடு போங்கள். அது நிஷாகந்தி என்ற திறந்தவெளி அரங்கில் நடக்கும். 2022 டிசம்பர் 9ஆம் திகதி நான் அங்கே பின்வரிசையில் இருந்தேன். ஈரானிய இயக்குநர் மஹ்னாஸ் மொஹம்மதிக்கு விருது. அவரால் விழாவுக்கு வர முடியவில்லை. ஈரானியப் பெண்களின் போராட்டத்தின் அடையாளமாகத் தன் கூந்தலில் ஒரு பகுதியை வெட்டி அனுப்பியிருந்தார். கிரேக்க இயக்குநர் அதீனா ரேச்சல் சங்காரி அதை மேடையில் உயர்த்திக் காட்டினார். முந்திய இரவு அறைக்காக அலைந்த அலுப்பு எனக்கு அந்த நிமிடத்தில் போய்விட்டது. ஒரு படிவம், ஒரு முத்திரை, ஒரு இரவு ரயில், இவ்வளவோடு நான் வந்துவிட்டேன், அவர் வர முடியவில்லை. கைதட்டவும் மறந்து இருந்தேன்.

திரும்பும் டிக்கெட்டை நிறைவு விழாவுக்கு அடுத்த நாளுக்குப் போடுங்கள். பரிசு பெற்ற படத்தை அன்று இரவு நிஷாகந்தியில் காட்டுவார்கள், அதைப் பார்க்காமல் விமான நிலையத்துக்கு ஓடுவது வீண். வீடு வந்ததும், அரசாங்க ஊழியர் என்றால், கடமைக்குத் திரும்பிய கடிதத்தைக் கடவுச்சீட்டின் முத்திரைப் பக்கப் பிரதியோடு அதிபரிடம் முதல் நாளே கொடுத்துவிடுங்கள். அடுத்த செப்டம்பரில் 126ஐக் கொண்டுபோகும்போது உங்கள் கோவையில் (ஃபைலில்) அதைத்தான் முதலில் தேடுவார்கள்.