இங்கிலாந்தில் கவுன்சிலின் ஹவுசிங் பகுதிமேல் முறைப்பாடு செய்வது எப்படி?

என் தங்கச்சி குடும்பம் 15 கிழமை ஒரே அறையில் இருந்தது. அவள், மச்சான், 2 பிள்ளைகள். லண்டனில் தனியார் நடத்தும் ஒரு பி அண்ட் பி, அதாவது அறை வாடகைக்குத் தரும் சிறு விடுதி. கழிவறையும் குசினியும் அதே மாடியில் இருந்த மற்றக் குடும்பங்களோடு பங்கு. மூத்தவன் சூட்கேஸைப் படுக்க வைத்து, அதன்மேல் கொப்பியை விரித்துத்தான் வீட்டுப்பாடம் செய்வான். பிள்ளைகள் உள்ள குடும்பத்தைக் கவுன்சில் (உள்ளூராட்சி மன்றம்) இப்படியான இடத்தில் 6 கிழமைக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்று 2003ஆம் ஆண்டின் ஓர் ஆணை சொல்கிறது. தங்கச்சிக்கு அது தெரியாது. எனக்கும் தெரியாது.

அந்த முறைப்பாட்டை எழுதியது நான். முடிவு வரக் கிட்டத்தட்ட ஒரு வருடம் ஆனது. அதில் 3 மாதம், முறைப்பாடு என்றால் என்ன என்று தெரியாததால் வீணானது. வேறு யாருக்கும் அப்படிப் போகக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

இது இங்கிலாந்துக்கு மட்டும். ஸ்கொட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்தில் சட்டமும் வேறு, போக வேண்டிய இடமும் வேறு. நீங்கள் கவுன்சிலில் வீடற்றோராக ஏற்கெனவே பதிந்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொண்டு தொடங்குகிறேன்.

படி 1: எந்தக் கதவு என்று பாருங்கள்

கவுன்சில் உங்களுக்கு எதிராக ஒரு முடிவு எடுத்துக் கடிதம் அனுப்பியிருக்கிறதா? "உங்களுக்கு முன்னுரிமை இல்லை", "நீங்களாகவே வீட்டை இழந்தீர்கள்" என்ற மாதிரி? அப்படியென்றால் முதலில் கேட்க வேண்டியது முறைப்பாடு அல்ல, மீளாய்வு, அதாவது அந்த முடிவைக் கவுன்சில் திரும்பப் பார்ப்பது. கடிதம் கிடைத்து 21 நாளுக்குள் கேட்க வேண்டும். இந்தக் கெடுவைச் சொல்லும் வரி பெரும்பாலும் கடிதத்தின் கடைசிப் பக்கத்தில்தான் இருக்கும். முறைப்பாடு போட்டுவிட்டுக் காத்திருந்தால் 21 நாள் ஓடிவிடும். பிறகு ஓம்புட்ஸ்மனும் (கவுன்சில் மீதான முறைப்பாடுகளை விசாரிக்கும் சுயாதீன அமைப்பு) "மீளாய்வு உரிமை இருந்ததே" என்று திருப்பி அனுப்பக்கூடும். மீளாய்வுக்குச் சட்டத்தரணி உதவி லீகல் எய்டில், அதாவது அரச செலவில், கிடைக்கலாம். வீட்டுப் பிரச்சினைகளுக்கு ஆலோசனை தரும் ஷெல்டர் அமைப்பின் இலவச எண்ணில் கேட்டுப் பாருங்கள்.

முடிவு சரி, ஆனால் நடத்திய விதம் பிழை என்றால் முறைப்பாடு. பதில் போடாமல் இழுத்தது, 6 கிழமைக்கு மேல் பி அண்ட் பியில் வைத்தது, வீடு கிடைக்க நீங்களும் கவுன்சிலும் என்ன செய்வது என்ற வீட்டுத் திட்டத்தை எழுதித் தராதது எல்லாம் இதில் வரும்.

கவுன்சிலே உங்கள் வீட்டுக்காரராக இருந்து, ஈரச்சுவரோ உடைந்த பொய்லரோ பிரச்சினை என்றால் அதுவும் முறைப்பாடுதான். ஆனால் கடைசியில் போவது ஹவுசிங் ஓம்புட்ஸ்மனிடம். வீடற்றோர் விடயம் லோக்கல் கவர்ன்மென்ட் அண்ட் சோஷல் கேர் ஓம்புட்ஸ்மனிடம் போகும். பெயர்கள் கிட்டத்தட்ட ஒன்றுபோல இருப்பதால் பலர் மாறிப் போடுகிறார்கள்.

படி 2: ஒரு கொப்பி வாங்குங்கள்

செயலி எதுவும் வேண்டாம். சாதாரண சீ.ஆர். கொப்பிதான் நல்லது. திகதி, நேரம், யாரோடு கதைத்தீர்கள், என்ன சொன்னார்கள். ஒரு நாளுக்கு 2 வரி போதும். வரும் கடிதங்களை உறையோடு சேர்த்துப் படம் எடுத்து வையுங்கள். உறையில் உள்ள தபால் முத்திரை பின்னால் உதவும்.

அதே நாளில் கவுன்சிலுக்கு ஒரு ஈமெயில் போட்டு, உங்களைப் பற்றி அவர்கள் வைத்திருக்கும் கோப்பு முழுவதையும் கேளுங்கள். சப்ஜெக்ட் அக்செஸ் ரிக்வெஸ்ட் என்பார்கள். பணம் இல்லை, பொதுவாக ஒரு மாதத்துக்குள் தர வேண்டும். எங்களுக்கு வந்த கோப்பில் 7ஆவது கிழமைக் குறிப்பு ஒன்று: "குடும்பத்துடன் தொலைபேசியில் கதைத்தோம், இடம் சரியாக இருக்கிறது என்றார்கள்." தங்கச்சியின் ஃபோனைத் திறந்து பார்த்தோம். அன்று கவுன்சில் எண்ணிலிருந்து ஒரு அழைப்பும் இல்லை. அந்தத் திரையைப் படம் எடுத்து முறைப்பாட்டோடு இணைத்தேன். நான் எழுதிய 2 பக்கத்தை விட அந்த ஒரு படம் அதிகம் வேலை செய்தது.

படி 3: "கம்ப்ளெய்ன்ட்" என்ற சொல்லை எழுதுங்கள்

நான் 3 மாதம் தொலைத்த இடம் இதுதான். தங்கச்சியின் ஹவுசிங் உத்தியோகத்தருக்கு 11 ஈமெயில் போட்டேன். குழந்தைக்கு இருமல், குசினியை இரவு 9 மணிக்குப் பூட்டுகிறார்கள், எப்போது வேறு இடம் தருவீர்கள் என்று ஒவ்வொன்றிலும் கெஞ்சியிருக்கிறேன். அவை எல்லாம் முறைப்பாடு என்றே நினைத்திருந்தேன். பிறகு விசாரித்தால், "உங்களிடமிருந்து முறைப்பாடு எதுவும் பதிவாகவில்லை" என்றார்கள். அந்த 11ம் "சேவை வேண்டுகோள்" என்ற கணக்கில் கிடந்தன.

கவுன்சிலின் நடைமுறையில் சேவை வேண்டுகோள் வேறு, முறைப்பாடு வேறு. "வேறு இடம் தாருங்கள்" என்பது வேண்டுகோள். "6 கிழமை தாண்டியும் தரவில்லை, இதில் எனக்கு அதிருப்தி" என்பது முறைப்பாடு. விதிப்படி அந்தச் சொல்லைப் பாவிக்காவிட்டாலும் முறைப்பாடாகத்தான் எடுக்க வேண்டும். ஆனால் அதை நம்பியிருக்க வேண்டாம்.

ஆகவே: உத்தியோகத்தருக்கு அல்ல, கவுன்சில் இணையத்தளத்தில் உள்ள முறைப்பாட்டுப் பிரிவின் முகவரிக்கு அனுப்புங்கள். தலைப்பில் "ஸ்டேஜ் 1 ஃபோர்மல் கம்ப்ளெய்ன்ட்" (முதல் கட்ட முறைப்பாடு) என்று ஆங்கிலத்தில் எழுதி, உங்கள் கேஸ் இலக்கத்தையும் போடுங்கள். ஒன்லைன் படிவத்தை விட ஈமெயில்தான் என் தெரிவு. படிவத்தில் அனுப்பியதன் பிரதி சில நேரம் கையில் மிஞ்சாது. படிவம் மட்டும்தான் உண்டு என்றால், அனுப்ப முன்னர் படம் எடுங்கள்.

உள்ளே என்ன எழுதுவது? ஒரு பக்கம். என்ன நடந்தது என்று திகதி வரிசையில், எது பிழை, அதனால் உங்களுக்கு என்ன நடந்தது, என்ன செய்ய வேண்டும் என்கிறீர்கள். சட்டப்பிரிவு இலக்கங்களை அடுக்கிய மாதிரிக் கடிதங்கள் சுற்றுகின்றன. எனக்கு அவற்றில் நம்பிக்கை இல்லை. "என் மகன் சூட்கேஸில் எழுதுகிறான்" என்பதை யாரும் தட்டிக்கழிக்க முடியாது. ஆங்கிலம் கடினம் என்றால் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேளுங்கள்.

இன்னொன்று. வீட்டுக்காரர் கோர்ட்டில் உத்தரவு வாங்கிய பிறகும், "பெய்லிஃப் (கோர்ட் உத்தரவோடு வெளியேற்ற வருபவர்) வரும்வரை அங்கேயே இருங்கள்" என்று கவுன்சில் சொன்னதா? அரசின் வழிகாட்டிக் கோவை அப்படிக் காத்திருக்க வைப்பது நியாயமாகாது என்கிறது. அதனால் கோர்ட் செலவு உங்கள் தலையில் விழுந்திருந்தால், அந்தத் தொகையையும் முறைப்பாட்டில் கேளுங்கள். தங்கச்சிக்கு அது திரும்பக் கிடைத்தது.

படி 4: ஸ்டேஜ் 2

முறைப்பாடுகளைக் கையாள ஓம்புட்ஸ்மன் வகுத்த கோவைப்படி, முறைப்பாடு கிடைத்ததை 5 வேலை நாளில் உறுதி செய்து, அதிலிருந்து 10 வேலை நாளில் ஸ்டேஜ் 1 பதில் தர வேண்டும். அந்தப் பதிலில் திருப்தி இல்லை என்றால் கேட்கும் அடுத்த கட்டமான ஸ்டேஜ் 2க்கு 20 வேலை நாள். உங்கள் கவுன்சிலின் கால அளவு வேறாக இருக்கலாம், தளத்தில் பாருங்கள். முதல் பதிலில் மன்னிப்பு மட்டும் வரலாம். அதோடு நிறுத்தாமல், எந்தக் கேள்விக்குப் பதில் வரவில்லை என்று 4 வரியில் எழுதி ஸ்டேஜ் 2 கேளுங்கள்.

படி 5: ஓம்புட்ஸ்மன்

பணம் இல்லை, சட்டத்தரணி தேவையில்லை. பிரச்சினை உங்களுக்குத் தெரிய வந்து 12 மாதத்துக்குள் போக வேண்டும். ஸ்டேஜ் 2 கடிதம், திகதிப் பட்டியல், முக்கியமான 5 அல்லது 6 ஆவணம் போதும். பொருத்தமில்லாத இடத்தில் இருந்த காலத்துக்கு அவர்களின் வழிகாட்டி மாதம் 150 முதல் 350 பவுண்ஸ் வரை பரிந்துரைக்கிறது. பிள்ளைகளின் வயது, சுகவீனம், குசினி நிலைமை எல்லாம் அதில் கணக்கு. ஆகவே அவற்றை விடாமல் எழுதுங்கள்.

பிற்சேர்க்கை 1: 21 நாள் தாண்டிவிட்டது என்று 2 பேர் எழுதியிருந்தார்கள். உடனே பிந்திய மீளாய்வு கேளுங்கள். ஏன் பிந்தியது என்ற காரணத்தோடு, ஆஸ்பத்திரிக் கடிதம் போல ஏதும் இருந்தால் இணையுங்கள். கவுன்சில் விரும்பினால் கால நீட்டிப்புத் தரலாம். அது கட்டாயமில்லை.

பிற்சேர்க்கை 2: "தந்த வீடு பொருந்தவில்லை, மறுத்துவிடட்டுமா?" என்று ஒரு அக்கா கேட்டிருந்தார். மறுக்காதீர்கள் அக்கா. கடைசி வாய்ப்பாகத் தந்த வீட்டை மறுத்தால் கவுன்சில் தன் கடமை முடிந்தது என்று சொல்லலாம். ஏற்றுக்கொண்டு, சாவி வாங்கி, அதே கிழமையில் "இடம் பொருத்தமில்லை" என்று மீளாய்வு கேளுங்கள். இரண்டையும் சேர்த்துச் செய்யச் சட்டம் இடம் தருகிறது. ஆனால் முடிவு எதுவும் வருவதற்கு முன் தரும் இடைக்காலத் தங்குமிடத்துக்கு இந்த மீளாய்வு இல்லை. தங்கச்சி இருந்தது அப்படியான இடம். அதனால்தான் நாங்கள் முறைப்பாட்டு வழியில் போனோம்.