சிவந்த கண்ணும் மிச்சமிருக்கும் சொட்டு மருந்தும்

கண் சிவந்ததும் பலர் தேடுவது, போன தடவை வாங்கி மிச்சமான சொட்டு மருந்தைத்தான். அதில் ஸ்டீராய்டு இருந்தால் ஆபத்து. டெக்ஸாமெத்தசோன், பிரெட்னிசோலோன், பீட்டாமெத்தசோன் என்று லேபிளில் இருக்கிறதா பாருங்கள். இவை சிவப்பையும் உறுத்தலையும் சீக்கிரமே அடக்கிவிடும். ஆனால் கிருமியைக் கொல்லாது. காரணம் ஹெர்பிஸ் வைரஸோ பூஞ்சையோ என்றால், குணமாகிவிட்டது என்று நினைக்கும் நாட்களிலேயே கருவிழிப் புண் ஆழமாகும். பிறகு ஆறினாலும் தழும்பு பார்வையை மறைக்கும். வாரக்கணக்கில் தொடர்ந்து போட்டால் சிலருக்குக் கண் அழுத்தமும் ஏறும். வலிக்காது என்பதால் தெரியவும் தெரியாது.

மெட்ராஸ் ஐ பெரும்பாலும் வைரஸால் வருவது. ஆன்டிபயாடிக் அதை விரட்டாது. ஒன்றிரண்டு வாரத்தில், சிலருக்கு மூன்று வாரத்தில், தானே அடங்கும். குளிர்ந்த ஒத்தடமும் செயற்கைக் கண்ணீர்ச் சொட்டும் பெரும்பாலோருக்குப் போதும். முகம் பார்த்தால் ஒட்டாது. பெரும்பாலும் கை, துண்டு, தலையணை உறை வழியாகத்தான் பரவும். அதனால் கறுப்புக் கண்ணாடியை விடச் சோப்புக்குத்தான் பலன் அதிகம்.

ஆனால் எல்லாச் சிவப்பும் மெட்ராஸ் ஐ அல்ல. வெளிச்சம் பார்க்கக் கூசுவது, பார்வை மங்குவது, கடுமையான வலி, இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். தலைவலி, வாந்தியோடு விளக்கைச் சுற்றி வண்ண வளையம் தெரிந்தால், கண் அழுத்தம் திடீரென ஏறியிருக்கலாம்; அங்கே மணிக்கணக்கில் தாமதித்தாலே பார்வை நரம்பு கெடும். கான்டாக்ட் லென்ஸ் போடுபவர்கள் கண் சிவந்தால் உடனே லென்ஸைக் கழற்றிவிட்டு, அன்றே காட்ட வேண்டும். லென்ஸைக் குழாய்த் தண்ணீரில் கழுவும் பழக்கம் அகாந்தமீபா என்ற கிருமிக்கு வழிவிடும். அதற்கான சிகிச்சை மாதக்கணக்கில் நீளும்.

சரியான மருந்தையே தவறாகப் போடுவதும் உண்டு. ஒரு சொட்டே கண் தாங்கும் அளவை விட அதிகம். இரண்டாவது சொட்டு கன்னத்தில்தான் வழியும். கீழிமையை இழுத்து, நுனி கண்ணிலோ இமையிலோ படாமல் ஒரு சொட்டு விட்டு, கண்ணை மூடி, கண்ணின் மூக்கோர முனையை விரலால் ஒன்றிரண்டு நிமிடம் அழுத்துங்கள். சிமிட்டிக்கொண்டே இருந்தால் மருந்து தொண்டைக்கு இறங்கிவிடும். அடுத்த மருந்துக்கு 5 நிமிட இடைவெளி, களிம்பு கடைசியில். பல மருந்துகளைத் திறந்த 28 நாளில் எறிந்துவிட வேண்டும், காலாவதித் தேதி எட்டாவிட்டாலும்.

அமிலமோ சுண்ணாம்போ தெறித்தால் மட்டும் மருத்துவமனைக்கு ஓடுவது இரண்டாவது வேலை. முதலில் இமையை விரித்துப் பிடித்து, ஓடும் நீரில் குறைந்தது 15 நிமிடம் கழுவ வேண்டும். சுண்ணாம்பு அமிலத்தை விட ஆழமாக அரிக்கும். துகள் இமைக்குள் ஒட்டிக்கொண்டு எரித்துக்கொண்டே இருக்கும்.

கிளாக்கோமா, அதாவது பெரும்பாலும் கண் அழுத்தத்தால் பார்வை நரம்பு கெடும் நோய், உள்ளவர்கள் செய்யும் தவறு நேர்மாறானது: சொட்டு போட்டும் பார்வை தெளியவில்லையே என்று நிறுத்திவிடுவது. அந்த மருந்து இழந்த பார்வையைத் தராது, இருப்பதைக் காக்கும். ஆஸ்துமா இருப்பவர்கள் அதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். கிளாக்கோமாவுக்குத் தரப்படும் டிமோலால் சொட்டு மூச்சுத்திணறலைத் தூண்டக்கூடியது.