பல் க்ளிப் கழற்றிய பிறகு: ரிடெய்னரைத் தேர்ந்தெடுப்பதும் பேணுவதும்

பல் க்ளிப்பைக் கழற்றும் நாளில் மருத்துவர் ஒரு சிறு டப்பாவைக் கையில் கொடுத்து, "இதை மறக்காமல் போட்டுக்கொள்ளுங்கள்" என்று சொல்லி அனுப்புவார். ஒன்றரை இரண்டு ஆண்டுகள் மாதந்தோறும் மன்னார்குடியிலிருந்து தஞ்சாவூருக்குப் பேருந்து பிடித்துப் போய்வந்த அலுப்பில், அந்த டப்பாவுக்குள் இருந்த ரிடெய்னரை, அதாவது நேராக்கிய பற்கள் பழைய இடத்துக்குத் திரும்பாமல் பிடித்துவைக்கும் சாதனத்தை, நான் ஓர் உபரிப் பொருளாகவே எண்ணினேன். அது தவறு என்று தெரிய எனக்கு ஐந்து வாரங்கள் போதுமானதாக இருந்தன.

பல் என்பது எலும்பில் அடித்த ஆணி அன்று. வேருக்கும் எலும்புக்கும் நடுவே மெல்லிய நார்த்திசு ஒன்று இருக்கிறது. க்ளிப் பல்லைத் தள்ளும்போது ஒரு பக்கத்து எலும்பு கரைய, மறுபக்கத்தில் புதிய எலும்பு வளர்கிறது. பல் புதிய இடத்துக்கு வந்துவிட்டாலும் இந்த நார்கள் அங்கே ஒழுங்குபட்டு அமைய 3 முதல் 4 மாதங்கள் ஆகும். ஈறுக்குள் ஓடும் மீள்தன்மை கொண்ட நார்களோ ஓராண்டுக்கும் மேலாகப் பல்லைப் பழைய இடத்தை நோக்கி இழுத்துக்கொண்டே இருக்கக்கூடும். நடவு முடிந்த வயலில் நாற்று பச்சை பிடிப்பதற்குள் தண்ணீர் புரண்டால் என்ன ஆகும் என்பது நம் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். க்ளிப் கழற்றிய பல்லின் நிலையும் ஏறத்தாழ அதுதான். முன்பு திருகலாக இருந்து நேராக்கப்பட்ட பற்கள் மற்றவற்றைவிட எளிதில் பழையபடி திரும்பிவிடும்.

படி 1: எந்த வகை உங்களுக்கு ஏற்றது?

மூன்று வகைகள் பரவலாகப் புழக்கத்தில் உள்ளன. முதலாவது, அண்ணத்தோடு படியும் அக்ரிலிக் தகடும் முன்பற்களின் மேல் ஓடும் கம்பியும் கொண்ட ஹாலி ரிடெய்னர். சார்லஸ் ஹாலி என்ற அமெரிக்க மருத்துவரின் பெயரால் வழங்கும் இது ஏறக்குறைய 100 ஆண்டுகளாகப் பயன்பாட்டில் இருக்கிறது. இரண்டாவது, பற்களின் அச்சின் மீது பிளாஸ்டிக் தாளைச் சூடாக்கிப் படியவைத்துச் செய்யும் கண்ணாடி போன்ற உறை. மூன்றாவது, கோரைப்பல்லிலிருந்து மறுபக்கக் கோரைப்பல் வரை, பற்களின் உட்புறத்தில் ஒட்டிவிடும் நிலையான கம்பி.

வெளியே தெரியாது என்பதற்காகவே பெரும்பாலோர் இரண்டாவதைக் கேட்கிறார்கள். என் கருத்தில், தோற்றத்தைவிட உங்கள் பழக்கங்களை முதலில் பார்க்க வேண்டும். கண்ணாடியையும் சாவியையும் வாரம் ஒருமுறை தேடுகிறவர் என்றால் ஒட்டிய கம்பியே பாதுகாப்பானது. ஆனால் பல்லிடுக்குகளைத் தினமும் பொறுமையாகச் சுத்தம் செய்ய மாட்டீர்கள் என்றால் அதே கம்பியைச் சுற்றிக் காரை கட்டி ஈறு வீங்கும். தூக்கத்தில் பல்லைக் கடிப்பவரிடம் மெல்லிய உறை சீக்கிரம் தேய்ந்து விரிசல் விடும். மேல்தாடையை அகலப்படுத்தும் சிகிச்சை பெற்றவருக்குத் தகடு வகை அந்த அகலத்தை நன்றாகத் தாங்கும். கம்பியைச் சற்று முறுக்கிச் சரிசெய்யவும், உடைந்தால் ஒட்டவும் அதில் வழி உண்டு. இவற்றையெல்லாம் க்ளிப் கழற்றுவதற்கு முந்தைய சந்திப்பிலேயே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள், ஏனெனில் முடிவு உங்கள் பற்களின் பழைய நிலையைப் பார்த்தவருடையதாகத்தான் இருக்க வேண்டும்.

படி 2: போடுவதும் கழற்றுவதும்

கையைக் கழுவிக்கொண்டு, ரிடெய்னரைத் தண்ணீரில் அலசி, முன்பற்களின் மேல் பொருத்தி, பிறகு கடைவாய்ப் பக்கம் இருபுறமும் விரலால் அழுத்துங்கள். பல்லால் கடித்து உட்காரவைக்கும் பழக்கம்தான் உறையில் விரிசல் விழுவதற்கு முக்கியக் காரணம். கழற்றும்போதும் இருபுறக் கடைவாயிலிருந்தே தொடங்க வேண்டும். ஒரே பக்கமாக இழுத்தாலோ முன்கம்பியைப் பிடித்து இழுத்தாலோ வடிவம் கெட்டுவிடும்.

முதல் சில நாட்கள் எச்சில் அதிகமாக ஊறும், பேச்சு குழறும். தகடு வகை போட்ட தமிழர்களுக்கு இதில் ஒரு தனிச் சங்கடம் உண்டு: நம்முடைய ட, ண, ள, ழ எல்லாம் நாக்கு அண்ணத்தை நாடி வளையும் ஒலிகள். கல்லூரியில் வருகைப் பதிவின்போது என் பெயரைச் சொல்லவே கூசினேன். நாளிதழில் ஒரு பக்கத்தைத் தினமும் வாய்விட்டுப் படித்ததில் ஒரு வாரத்துக்குள் நாக்கு வழிக்கு வந்துவிட்டது.

எத்தனை மணி நேரம் என்பதில் மருத்துவருக்கு மருத்துவர் முறை வேறுபடும். முதல் சில மாதங்கள் சாப்பிடும் நேரமும் பல் துலக்கும் நேரமும் போக முழுநாளும், பிறகு இரவில் மட்டும் என்பது பரவலான வழக்கம். தொடக்கத்திலிருந்தே இரவு மட்டும் போதும் என்பவர்களும் உண்டு. வயது ஏற ஏற, க்ளிப்பே போடாதவர்களுக்கும் கீழ் முன்பற்கள் நெருங்குவதால், பல் நேராக இருக்க வேண்டும் என்று விரும்பும் காலம் வரை இரவில் அணிவதே நல்லது.

படி 3: காபி, வெயில், வாழையிலை

டபரா செட்டில் ஆவி பறக்க வரும் டிகிரி காபியை உறையைப் போட்டுக்கொண்டு குடிக்காதீர்கள். சூட்டில் பிளாஸ்டிக் நெளியும், கறை ஏறும். உறைக்கும் பல்லுக்கும் நடுவே தங்கும் சர்க்கரையை எச்சிலால் கழுவ முடியாமல் போவதால் சொத்தையும் விழும். வெற்றிலை பாக்குக்கும் இதே விதிதான். வாயில் ரிடெய்னர் இருக்கும்போது தண்ணீர் மட்டும் குடிக்கலாம். சித்திரை வெயிலில் நிறுத்திய ஸ்கூட்டரின் பெட்டிக்குள்ளும் வைக்க வேண்டாம். மாலையில் எடுக்கும்போது அது உங்கள் பல்லின் வடிவில் இருக்காது.

ரிடெய்னர் தொலைவது பெரும்பாலும் சாப்பாட்டு நேரத்தில்தான். கும்பகோணத்தில் ஓர் உறவினர் திருமணத்தில், பந்தியில் உட்கார்ந்ததும் உறையைக் கழற்றிக் காகிதக் கைக்குட்டையில் சுற்றி இலையின் ஓரத்தில் வைத்தேன். பாயசம் முடிந்து, இலையை மடித்துவிட்டு எழுந்தேன். கை கழுவும் இடத்தில் நினைவு வந்து திரும்பி ஓடியபோது, எங்கள் வரிசை முழுவதும் புதிய இலைகள் விரிக்கப்பட்டு அடுத்த பந்திக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார்கள். மண்டபத்தின் பின்புறத் தொட்டியில் இருநூறு இலைகளாவது இருந்திருக்கும். இலை எடுக்கும் அம்மா ஒருவர், "என்னப்பா தேடுற, மோதிரமா?" என்று கேட்டார், பல்லுக்குப் போடுவது என்றதும் சிரித்துவிட்டு, அவரும் ஒரு குச்சியால் கிளறிப் பார்த்தார். கிடைக்கவில்லை. புதியது செய்து கைக்கு வரப் பன்னிரண்டு நாட்களாயின. அதற்குள் கீழ்வரிசையில் ஒரு பல் லேசாகத் திரும்பிவிட்டது.

ஆகவே, வாயில் இல்லையென்றால் டப்பாவில் இருக்க வேண்டும். காகிதம், சட்டைப்பை, தலையணை அடி எதுவும் வேண்டாம். டப்பா கண்ணைப் பறிக்கும் நிறத்தில் இருக்கட்டும். வீட்டில் நாய் இருந்தால் எட்டாத உயரத்தில் வையுங்கள், எச்சில் வாசனைக்கு அது தேடிவந்து மென்றுவிடும்.

படி 4: சுத்தம் செய்தல்

கழற்றியவுடன், எச்சில் காய்வதற்குள், சாதாரணத் தண்ணீரில் அலசி, மென்மையான தனிப் பிரஷ்ஷில் ஒரு சொட்டுக் கை கழுவும் திரவ சோப்பைத் தொட்டு உள்ளும் புறமும் தேய்த்தால் போதும். பற்பசையில் உள்ள தேய்ப்புத் துகள்கள் உறையில் கண்ணுக்குத் தெரியாத கீறல்களை உண்டாக்கும், அவற்றில் அழுக்கும் நாற்றமும் குடியேறும். வெந்நீரும் பிளீச்சிங் பவுடரும் கூடவே கூடாது.

நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் உப்பும் கடினத்தன்மையும் மிகுந்த போர் தண்ணீரில் அலசுபவர்கள் சில வாரங்களில் வெள்ளைப் படலத்தைக் காண்பார்கள். சம அளவு தண்ணீர் கலந்த வெள்ளை வினிகரில் 15 நிமிடம் ஊறவைத்துத் துலக்கினால் அது இளகும். குடிதண்ணீரில் அலசுவது இன்னும் எளிய தீர்வு. பல்செட்டுக்கான கரையும் மாத்திரையை வாரம் ஒருமுறை பயன்படுத்தலாம். அக்ரிலிக் தகட்டை நெடுநேரம் கழற்றிவைக்க நேர்ந்தால் சுத்தமான தண்ணீரில் போட்டுவைத்து, அந்தத் தண்ணீரை நாள்தோறும் மாற்றுங்கள்.

படி 5: ஒட்டிய கம்பி உள்ளவர்களுக்கு

முறுக்கு, சீடை, பொங்கல் கரும்பு ஆகியவற்றை முன்பல்லால் கடிக்காதீர்கள். கரும்பைச் சிறு துண்டுகளாக நறுக்கிக் கடைவாயில் மெல்லலாம். கம்பிக்கு அடியில் நூலை நுழைக்கும் ஊசி போன்ற பிளாஸ்டிக் கருவியோ, இடுக்கு பிரஷ்ஷோ மருந்துக்கடையில் கிடைக்கும். ஒரு பல்லில் மட்டும் ஒட்டு விட்டிருந்தால் வலி இருக்காது, அந்தப் பல் மட்டும் சத்தமில்லாமல் நகர்ந்துவிடும். இரவில் பல் துலக்கியதும் நாக்கு நுனியால் கம்பியைத் தடவிப் பாருங்கள். எங்காவது ஆடினாலோ குத்தினாலோ அந்த வாரமே மருத்துவரிடம் போக வேண்டும்.

படி 6: தொலைந்தால், உடைந்தால்

சில நாட்கள் விட்டுப் போடும்போது இறுக்கமாக இருந்தாலும் முழுமையாக உட்கார்ந்துவிட்டால், தொடர்ந்து அணியலாம். உட்காரவே மறுத்தால் வலிந்து அழுத்தாமல் உடனே மருத்துவரை அழையுங்கள். உடைந்த உறையை வீட்டுப் பசையால் ஒட்டாதீர்கள். செலவு தயங்கவைத்தால், சிதம்பரம் அண்ணாமலை நகரில் உள்ள அரசு பல் மருத்துவக் கல்லூரியின் (முன்பு ராஜா முத்தையா பல் மருத்துவக் கல்லூரி) பல் சீரமைப்புத் துறையில் விசாரித்துப் பார்க்கலாம். க்ளிப் கழற்றிய அன்று எடுத்த அச்சின் மாவு வார்ப்பைக் கேட்டு வாங்கிப் பத்திரமாக வையுங்கள். பற்கள் நகராத வரை அதை வைத்தே புதியது செய்துவிடலாம். இடையில் ஒரு பல்லுக்கு கேப் போடவோ பெரிதாக அடைக்கவோ நேர்ந்தால், வேலை தொடங்கும் முன்பே ரிடெய்னரை எடுத்துப்போய் அந்தப் பல் மருத்துவரிடம் காட்டுங்கள், பல்லின் வடிவம் மாறினால் பழைய ரிடெய்னர் அதன் மேல் ஏறாது.