பிரேக் பெடல் அமுங்கினால் உடனே ஏர் எடுக்கப் போகாதீர்கள்

பெடல் சரியில்லை என்றதும் பலருடைய கை நேராகப் பிளீடர் நிப்பிளுக்குத்தான் (பிரேக் ஆயிலில் சிக்கிய காற்றை, அதாவது ஏரை, வெளியேற்றத் திறக்கும் சிறு திருகு) போகிறது. ஒரு பாட்டில் பிரேக் ஆயிலை வாங்கி, நாலு சக்கரத்திலும் ஏர் எடுத்து, பெடல் கொஞ்சம் கெட்டியானதும் வண்டியைக் கிளப்பிவிடுகிறார்கள். கோளாறு ஏர்தான் என்றால் சரி. வேறு ஏதாவது என்றால், அது அப்படியே இருக்க வண்டி ரோட்டுக்குப் போய்விடுகிறது. பஞ்சு மாதிரி அமுங்கும் பெடலும் காலடியில் மெல்ல இறங்கும் பெடலும் ஒன்றல்ல. ஸ்பானரை எடுப்பதற்கு முன் காலால் சோதித்துப் பாருங்கள்.

இன்ஜினை அணைத்துவிட்டு, பூஸ்டரில் (கால் அழுத்தத்தைக் கூட்டித் தரும் பாகம்) மிச்சமிருக்கும் வெற்றிடம் தீரும்வரை பெடலை ஐந்தாறு முறை மிதியுங்கள். பிறகு ஒரே அழுத்தமாக மிதித்து அரை நிமிடம் பிடியுங்கள். அமுங்கி, ஓரிடத்தில் நின்று, அடுத்தடுத்து மிதித்தால் மேலே வந்து கெட்டியானால் உள்ளே ஏர் இருக்கலாம். முதல் மிதியில் ஆழமாகப் போய், இரண்டாவது மிதியிலேயே உயரத்தில் கெட்டியாக நின்றால், பின் சக்கர டிரம்மில் ஷூவுக்கு (டிரம்மின் உள்பக்கம் உரசிப் பிடிக்கும் கட்டை) இடைவெளி கூடியிருக்கிறதா என்று பாருங்கள். ஹேண்ட் பிரேக்கை ஓரிரண்டு பல் இழுத்து மறுபடி மிதித்தால் பெடல் உயர்கிறதா? அப்படியானால் சந்தேகம் டிரம் அட்ஜஸ்ட்மென்ட் மேல்தான். வீல் பேரிங் ஆடினாலும், டிஸ்க் வளைந்திருந்தாலும் பேட் (டிஸ்க்கை இறுக்கிப் பிடிக்கும் கட்டை) பின்னால் தள்ளப்பட்டு முதல் மிதி ஆழமாகப் போகும். இங்கெல்லாம் எத்தனை முறை ஏர் எடுத்தாலும் பயனில்லை.

பிடித்த பெடல் காலடியில் இறங்கிக்கொண்டே போனால், ஆயில் எங்கோ கசிகிறது, அல்லது மாஸ்டர் சிலிண்டருக்குள்ளேயே (பெடல் தள்ளும் பிஸ்டன் ஆயிலை அழுத்தும் இடம்) ரப்பர் வாஷரைத் தாண்டிப் போகிறது. வெளியே ஒரு சொட்டும் இல்லை, பிரேக் ஆயில் டப்பாவில் அளவும் குறையவில்லை, ஆனாலும் இறங்குகிறது என்றால் பெரும்பாலும் இரண்டாவதுதான். இதில் ஒரு நுணுக்கம் உண்டு. ஓங்கி மிதித்தால் அழுத்தமே வாஷரின் உதட்டைச் சிலிண்டர் சுவரோடு ஒட்டவைத்துவிடும், கோளாறு மறைந்துகொள்ளும். லேசாக மிதித்துப் பிடிக்கும்போதுதான் சில மாஸ்டர் சிலிண்டர்கள் அகப்படும். சிக்னலில் காலை இலேசாக வைத்துக்கொண்டு நிற்கும்போது பெடல் தரையை நோக்கிப் போவதும், அவசரத்தில் அழுத்தினால் நன்றாகப் பிடிப்பதும் இதனால்தான். “நல்லாத்தானே பிடிக்குது” என்று விட்டுவிடாதீர்கள், இது உயிரோடு விளையாடும் விஷயம்.

ஒன்றைக் கோளாறு என்று நினைத்துப் பயப்பட வேண்டாம். பெடலை மிதித்தபடி இன்ஜினை ஸ்டார்ட் செய்தால் அது கொஞ்சம் கீழே போகும். பூஸ்டர் வேலை செய்கிறது என்பதற்கு அதுதான் அடையாளம். போய் நின்றுவிட்டால் நல்லது. நிற்காமல் இறங்கினால்தான் கவலை.

டப்பாவில் அளவு குறைந்ததும் ஊற்றி மூடிவிடுவதும் நிறையப் பேர் செய்யும் தவறு. பேட் தேய்ந்திருந்தாலும் அளவு மெல்லக் குறையும், கசிந்தாலும் குறையும். எது என்று பார்க்காமல் ஊற்றினால் கசிவு மறைந்துவிடும். சக்கரத்தின் உள்பக்கம், ஹோஸ் முனைகள், டிரம்மில் ஷூவைத் தள்ளும் வீல் சிலிண்டரின் ரப்பர் உறையை விலக்கி உள்ளே ஈரம், இவற்றையெல்லாம் பாருங்கள். மாஸ்டர் சிலிண்டர் பூஸ்டரோடு சேரும் இடத்தை மறக்காதீர்கள். அங்கே கசிந்தால் ஆயில் பூஸ்டருக்குள் போய்விடும், தரையில் சொட்டாது.

ஏர்தான் என்று உறுதியானாலும் எடுக்கும் விதத்தில் வண்டியைக் கெடுத்துவிடலாம். பழைய வண்டியில் பெடலைத் தரைவரை மிதிக்காதீர்கள். அன்றாடம் பிஸ்டன் போகாத அந்தக் கடைசிப் பகுதியில் துரு படிந்திருக்கும். வாஷர் அதன்மேல் ஓடினால் கிழியும், ஏர் கோளாறு போய், பெடல் இறங்கும் கோளாறு வந்து சேரும். பெடலுக்கு அடியில் ஒரு மரக்கட்டையை வைத்துக்கொள்ளுங்கள். நிப்பிளை மூடிய பிறகுதான் காலை எடுக்க வேண்டும், டப்பா வற்றவே கூடாது. எந்தச் சக்கரத்தில் தொடங்குவது என்பதை வண்டியின் மேனுவலில் பார்த்துக்கொள்ளுங்கள். தூரத்துச் சக்கரம் முதலில் என்பது எல்லா வண்டிக்கும் பொருந்தாது. காலிப்பரை (பேட்டை டிஸ்க்கின்மேல் அழுத்தும் பாகம்) இடம் வலம் மாற்றி மாட்டிவிட்டால் நிப்பிள் அடியில் வந்துவிடும். ஏர் மேலே தங்கி, ஆயில் மட்டும் வெளியே வரும். லிட்டர் கணக்கில் ஊற்றியும் பெடல் பஞ்சாகவே இருந்தால் முதலில் இதைத்தான் பாருங்கள். புது மாஸ்டர் சிலிண்டரை மேசையிலேயே ஏர் எடுத்துவிட்டு மாட்டுங்கள். ஏபிஎஸ் (சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) யூனிட்டுக்குள் ஏர் புகுந்துவிட்டால் சில வண்டிகளில் வண்டியின் கணினியோடு இணைக்கும் ஸ்கேனர் இல்லாமல் அது வராது.

ஆயில் விஷயத்தில் சிக்கனம் வேண்டாம். பிரேக் ஆயிலின் தர வகைகளான டாட் 3, டாட் 4, டாட் 5.1 மூன்றும் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும் ஆயில்கள். டாட் 4 புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரியில் கொதிக்க வேண்டும். ஈரம் ஏறிய பிறகு அந்த வரம்பு 155 டிகிரிக்கு வந்துவிடுகிறது. நீண்ட இறக்கத்தில் பிரேக் பிடித்துக்கொண்டே வரும்போது அது ஆவியாகிப் பெடல் காற்றில் மிதிப்பது போல ஆகும். அதனால் திறந்து வைத்த பாட்டிலையோ, வெளியே எடுத்த ஆயிலையோ மறுபடி ஊற்றாதீர்கள். டாட் 5 சிலிக்கான் வகை, இவற்றோடு கலக்கவே கூடாது. இன்ஜின் ஆயிலோ பவர் ஸ்டீயரிங் ஆயிலோ தவறிப் போய்ச் சேர்ந்தால் ரப்பர் எல்லாம் ஊதிவிடும். பிறகு ஏர் எடுத்துப் பயனில்லை, அந்த ஆயில் பட்ட ரப்பர் பாகங்களை எல்லாம் மாற்ற வேண்டிவரும்.

வேலை முடிந்ததும் இன்ஜின் ஓட, ஒரு நிமிடம் லேசாகவும் ஒரு நிமிடம் அழுத்தியும் பெடலைப் பிடித்துப் பாருங்கள். அது ஒரு விரற்கடை இறங்கினாலும் வண்டியை நகர்த்தாதீர்கள்.