ஜெங்கின்ஸ் நிமிடத்துக்கு நிமிடம் கிட் சேவரைத் தட்டுவதை நிறுத்துவது எப்படி?

கல்லடியில் எங்கள் ஓபிஸில் ஜெங்கின்ஸும் (கோடைத் தானாகவே பில்ட் செய்யும் மென்பொருள்) கிட் சேவரும் (கோடும் அதன் மாற்றங்களும் இருக்கும் இடம்) இரண்டு பழைய டெஸ்க்டொப்களில் ஓடுகின்றன. ஜெங்கின்ஸில் மொத்தம் 40 ஜொப் (ஒவ்வொன்றும் ஒரு பில்ட் வேலை). ஒவ்வொன்றும் நிமிடத்துக்கு ஒருமுறை "புதிதாக ஏதும் வந்ததா?" என்று கிட்டிடம் கேட்டுக்கொண்டிருந்தது. நாளுக்கு 57,600 தடவை, யாரும் வேலை செய்யாத ஞாயிற்றுக்கிழமையிலும். எங்கள் பிள்ளைகள் புஷ் கொடுத்துவிட்டு (மாற்றத்தைக் கிட் சேவருக்கு அனுப்பிவிட்டு) மினக்கெட வேண்டியிருந்தது.

முதலில் உடனடி நிவாரணம். ஜொப்பின் போல் எஸ்சிஎம் (கிட்டிடம் இப்படிக் கேட்கும், அதாவது போலிங் செய்யும் வசதி) அட்டவணையில் ஐந்து நட்சத்திரங்கள் இருந்தால் முதலாவதை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் எச்/15 (15 நிமிடத்துக்கு ஒருமுறை) என்று போடுங்கள் (எச் ஆங்கிலப் பெரிய எழுத்து). ஜொப்பின் பெயரை வைத்து ஒவ்வொன்றுக்கும் ஒரு நிமிடத்தை ஜெங்கின்ஸே பிரித்துக் கொடுக்கும். எச் இடத்தில் நட்சத்திரம் போட்டால் நாற்பதும் ஒரே நேரத்தில் போய் விழும். இதோடு 57,600 என்பது 3,840 ஆகிவிடும்.

அப்புறம்தான் உண்மையான தீர்வு: கமிட் (புதிய மாற்றம்) வந்ததும் கிட்டே ஜெங்கின்ஸுக்குச் சொல்லட்டும். மேனேஜ் ஜெங்கின்ஸில் செக்யூரிட்டி பக்கத்துக்குப் போய், நோட்டிஃபைகமிட் டோக்கன் (அந்தத் தகவலை ஜெங்கின்ஸ் ஏற்க வேண்டிய ரகசியச் சாவி) ஒன்று எடுங்கள். அது ஒரு தடவைதான் திரையில் தெரியும், உடனே கொப்பி பண்ணிவிடுங்கள். கிட் சேவரில், ரிப்போவின் (ஒரு திட்டத்தின் கோட் இருக்கும் களஞ்சியம்) ஹூக்ஸ் ஃபோல்டருக்குள் போஸ்ட்-ரிசீவ் என்றொரு ஃபைல். புஷ் வந்ததும் தானாக ஓடும் ஹூக் இதுதான். அதற்குள் கர்ள் (ஒரு வலை முகவரியை அழைக்கும்) கட்டளை ஒரே வரி: ஜெங்கின்ஸ் முகவரி, கிட் / நோட்டிஃபைகமிட், ரிப்போவின் யூஆர்எல், டோக்கன். ஃபைலுக்கு எக்ஸிகியூட் அனுமதி கொடுங்கள். இதற்கென்று தனி ப்ளகின் (ஜெங்கின்ஸோடு சேர்க்கும் கூடுதல் மென்பொருள்) போடுவதை நான் விரும்புவதில்லை. கிட் ப்ளகினே போதும்.

என்னை இரண்டு நாள் அலைக்கழித்தது அடுத்த படி. ஹூக் வந்துவிட்டதே, இனிப் போலிங் எதற்கு என்று போல் எஸ்சிஎம் டிக்கை எடுத்துவிட்டேன். புஷ் போகிறது, பில்ட் ஓடவே இல்லை. அந்த டிக் இருக்க வேண்டும், கீழே உள்ள அட்டவணைக் கட்டம்தான் வெறுமையாக இருக்க வேண்டும். ஹூக்கின் தகவல் வந்ததும் ஜெங்கின்ஸ் அந்த ஜொப்பை ஒரு தடவை போலிங் செய்து பார்க்கும். டிக் இல்லாத ஜொப்பை அது கண்டுகொள்ளாது. கட்டத்தை வெறுமையாக விட்டால், கமிட் ஹூக் தூண்டினால் மட்டுமே ஓடும் என்று ஒரு குறிப்பு அதன் கீழேயே தெரியும். அதைக் கண்டால் சரி.

பிற்சேர்க்கை: அக்கரைப்பற்றிலிருந்து ஒரு தம்பி, எல்லாம் செய்தும் ஓடவில்லை என்று எழுதியிருந்தார். அவருடைய ஜொப்பில் கிட் சேவரின் ஐபி எண், ஹூக்கில் அதன் பெயர். இரண்டிலும் ஒன்றையே போடுங்கள். பைப்லைன் ஜொப் (பில்ட் படிகளை ஸ்கிரிப்டாக எழுதும் வகை) என்றால் முதல் தடவை கையால் ஓட்டிவிடுங்கள். அதுவரை எந்த ரிப்போ என்று ஜெங்கின்ஸுக்குத் தெரியாது.

ரிப்போ கிட்ஹப்பில் இருந்து, ஓபிஸ் ஜெங்கின்ஸை வெளி இணையத்திலிருந்து எட்ட முடியாது என்றால் ஹூக் வந்து சேராது. அங்கே எச்/15ஐ அப்படியே விட்டுவிடுங்கள்.